நாற்பது நிமிட வெயில்

விதைப் பொட்டலத்தின் முதுகில்
வசந்தத்தில் விதைக்கவும் என்று போட்டிருந்தது.
அபர்டீனிலிருந்து ஜெசிந்தா அனுப்பிய பட்டாணி.
வசந்தம் எந்த மாசம் சார் என்று
பில் செக்‌ஷன் கஸ்தூரிரங்கனிடம் கேட்டேன்.
அவர் தமிழ் எம்.ஏ.
இளவேனில்மா, சித்திரையும் வைகாசியும் என்றார்.
சித்திரையில் எங்கள் வில்லாபுரம் மாடிக்கு
ஒருமுறை வந்து நின்று பார்க்கட்டும்
செருப்பில்லாமல்.

மூன்றாம் மாடிக்கு மேலே மொட்டை மாடி.
இருபத்திரண்டு பைகள்.
மேற்குச் சுவரோரம் ஒரு நாடு,
கொத்தவரை தவிர அங்கே யாருக்கும் குடியுரிமை இல்லை.
தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இன்னொன்று,
கீரை, கொஞ்சம் பாசி, ஒரு பூனை.
ஏசி மூச்சுவிடும் மூலையில்
காற்றுக்கே காய்ச்சல்.
ஆனால் அதன் குழாய் சொட்டுவது உப்பில்லாத தண்ணீர்.
ஒரு நாளைக்கு ஒன்றரை வாளி.
போர் தண்ணீரில் வெளுத்த இலைகளுக்கு
அதுதான் இளநீர்.

பட்டாணி ஒன்பது நாள் இருந்தது.
தக்காளி பூத்தது, பூத்ததோடு சரி.
ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுட்டால்
பூ என்ன செய்யும்,
காம்போடு கழன்றுகொண்டது.
கத்திரி வெயிலில் கத்தரி மட்டும் நின்றது,
பெயர்ப் பொருத்தம் பார்த்து
நட்டு வைத்த மாதிரி.

ஜெசிந்தா இங்கிருந்து கொண்டுபோன கொத்தவரை
அவள் ஜன்னலில் ஒரு முழம் வளர்ந்து
நூலாய் மெலிந்து
கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது,
கடைசி பஸ்ஸைப் பார்த்து நிற்கிறவன் போல.
வீடியோவில் காட்டினாள்.
இங்கே வெயில் வந்தா நியூஸ்ல சொல்றாங்கடி.
நான் சிரித்தேன். ரொம்பவே சிரித்தேன்.

ஐப்பசியில் வீட்டுக்காரர் பரமசிவம்
கூரையில் ஈரம் கண்டார்.
விரலால் தொட்டு முகர்ந்தும் பார்த்தார்.
செடியா வீடா என்றார்.
வீடு என்னுடையது இல்லையே,
செடி என்றேன்.

குட்டியானையில் சாமான் ஒரு நடை,
பைகள் இரண்டு நடை.
பாலம் ஏறும்போது இரண்டு காய் உதிர்ந்தன.
டிரைவர் எடுத்து
ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்துக்கொண்டார்,
கேட்கவில்லை.

ஆரப்பாளையத்தில் சந்துக்குள் தரைத்தளம்.
ஐந்து கிலோமீட்டர் இருக்கும்.
அதற்குள் நாடு மாறிவிட்டது.
பதினொன்று ஐம்பதுக்கு
இரண்டு மாடிச் சுவர்களுக்கு நடுவே
ஒரு பாய் அகலத்துக்கு வெயில் இறங்கும்.
பன்னிரண்டரைக்குச் சுருட்டிக்கொண்டு போய்விடும்.
மற்ற நேரமெல்லாம் வெளிச்சம் உண்டு,
வெயில் இல்லை.
இரண்டும் வேறு என்பது
மனுஷருக்கு உறைக்க நாளாகும்,
கத்தரிக்கு ஒரு வாரம்.
கழுத்தை நீட்ட ஆரம்பித்தது.

ராத்திரி ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன்.
இதுல நீ என்னடி போடுவே?
அவள் சிரிக்கவில்லை. அதுதான் குத்தியது.
காயை மறந்துடு, இலையைப் பிடி என்றாள்,
புதினா, வெந்தயம், கொஞ்சம் மல்லி.
அடுத்த பொட்டலத்தில்
வசந்தத்தைப் பேனாவால் அடித்துவிட்டு
கார்த்திகை என்று எழுதியிருந்தாள்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

வெந்தயம் வந்தது. புதினா சாக்கடை வரை போனது.
கத்தரியை வீசத்தான் மனம் வரவில்லை.
பதினொன்று ஐம்பதுக்கு நான் ஆபீஸில்
மின்கட்டண ரசீதுகளுக்கு நடுவே இருப்பேன்.

ஒருநாள் தலைவலி என்று பாதியில் வந்தேன்.
எதிர்வீட்டில் தையல் மிஷின் நின்றது.
சம்சுகனி அக்கா வாயில் ஊசியோடு வந்து
கத்தரிப் பையை ஸ்டூல்மேல் ஏற்றினாள்,
வெயில் நகர நகர
ஸ்டூலைக் காலால் தள்ளினாள்.
என்னைப் பார்த்ததும்
ஊசியை எடுக்காமலே ஏதோ சொன்னாள்,
புரியவில்லை.
சிமெண்டில் ஸ்டூல் கால் இழுத்த கோடு
பல நாள் பழையது.

இப்போது ஒரு காய் இருக்கிறது.
கட்டைவிரல் பருமன்.
யார் பறிப்பது என்று
இரண்டு பேரும் இன்னும் பேசவில்லை.